தாண்டிக்குடி தோட்டத்துக் கேமராவுல விழுந்தது சிறுத்தைக் குட்டியா, வேற பூனையா? பாத்து சொல்லுங்க

காப்பிக்காட்டான்:
வணக்கம் எல்லாருக்கும். நமக்கு கீழ்ப்பழனி மலையில தாண்டிக்குடி பக்கம் காப்பி, மிளகு, ஊடால ஆரஞ்சும் மலைவாழையும். மேல சோலையில இருந்து ஒரு ஓடை இறங்கி தோட்டத்து ஓரமா போகுது, பன்னி எந்த வழியா உள்ள வருதுன்னு தெரிஞ்சுக்க அந்த ஓடைக்கரையில ஒரு ட்ரெயில் கேமரா, ஏதாச்சும் அசைஞ்சா தானாப் படம் புடிக்கிறது, கட்டி வச்சேன், எல்லாம் நம்ம பட்டா நெலத்துக்குள்ளதான். பன்னியும் வந்துச்சு, ஆனா ராத்திரி ரெண்டே முக்காலுக்கு வேற ஒண்ணு வந்துருக்கு, வீடியோ மொத்தமே எட்டு செகண்ட்தான். ஒடம்பு பூரா புள்ளி, இடது பக்கத்துல இருந்து வந்து சில்வர் ஓக் மரத்து வேர்ல மோந்து பாத்துட்டு, ஒரு தடவை கேமரா பக்கம் திரும்பிட்டு நேரா போயிருச்சு. வீட்டுப் பூனையை விட காலு நெட்டை மாதிரி தெரியுது.

வீடியோவை மேஸ்திரிகிட்ட காட்டினது வம்பாப் போச்சு. இது சிறுத்தைக் குட்டி, குட்டி இருந்தா ஆத்தா பக்கத்துலதான் இருக்கும்னு சொல்லிட்டாரு, மறுநாள் பழம் பறிக்க வர்ற ஆளுல பாதி வரல. இப்ப ஆளாளுக்கு ஒண்ணு பாத்ததா சொல்றாங்க. ஒரு அக்கா சாயங்காலம் கீழ்க்காட்டுல மஞ்சளா, புள்ளியே இல்லாம, நாய் ஒசரத்துக்கு ஒண்ணு நின்னுச்சுங்குறாங்க. டிராக்டர் ஓட்டுற தம்பி பலா மரத்துல கருகருன்னு நீள வாலோட ஏறுனதைப் பாத்தேன், கரும்புலி தான்னு சத்தியம் பண்றான். பக்கத்துத் தோட்டத்துல கோழி போச்சாம், அவரு கண்ணி வைக்கப் போறேன்னு நிக்கிறாரு.

வீடியோவுல இருந்து மூணு படம் எடுத்துப் போட்டுருக்கேன். இது குட்டியா இல்லையான்னு மட்டும் நிச்சயமா தெரிஞ்சா போதும், பழம் கொட்டுறதுக்குள்ள ஆளைக் கூப்பிடணும்.

வத்தலக்குண்டு_பஸ்:
அண்ணே உங்க படத்தை போன்ல ஒரு ஆப்ல போட்டேன், ஓசலாட்னு வருது, நூத்துக்கு தொண்ணூறு கன்ஃபர்மாம் 😂

ராத்திரிக்கேமரா:
ஓசலாட் மத்திய, தென் அமெரிக்காப் பக்கத்துக் காட்டுப் பூனை ப்ரோ, அது பெருவுல இருந்து பண்ணைக்காடு பஸ் புடிச்சு வந்தாத்தான் உண்டு. அந்த ஆப் எல்லாம் பகல் வெளிச்சத்துல எடுத்த கலர் படத்தைப் பாத்துப் பழகினது, ஐஆர் படத்தை, அதாவது ராத்திரியில கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லைட்டுல எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தைக் குடுத்தா புள்ளி இருக்கா, பூனையா இருக்கா, சரி இதுதான்னு அடிச்சு விடும். எந்த ஊர்னு கேக்குற ஆப்பா இருந்தா கொஞ்சம் பரவால்ல.

காப்பிக்காட்டான் அண்ணே, படத்தைப் பாத்தேன். இது சிறுத்தைக் குட்டி இல்ல. சிறுத்தைப் பூனை, லெப்பர்ட் கேட்டும்பாங்க, பேரைக் கேட்டுப் பயந்துராதீங்க, வீட்டுப் பூனை சைஸ்தான். எதை வச்சு சொல்றேன்னும் சொல்லிடறேன், ஏன்னா மேஸ்திரிகிட்ட நீங்க வாதம் பண்ணணும்ல.

ரெண்டாவது படத்துல அது திரும்புதுல்ல, அதைப் பெருசாக்கிப் பாருங்க. ரெண்டு கண்ணுக்கும் உள்பக்கத்துல இருந்து வெள்ளையா ரெண்டு கோடு நெத்தி மேல ஏறுது, அதை ஒட்டியே கருப்புக் கோடு தலை மேல போயி பிடரி வரைக்கும் ஓடுது. சிறுத்தைக்கு நெத்தியில கோடு கிடையாது, சின்னச் சின்னப் புள்ளிதான், குட்டியா இருந்தாலும் அப்படித்தான். அடுத்தது ஒடம்புப் புள்ளி, சிறுத்தைக்கு விலாவுல புள்ளி பூப்பூவா இருக்கும், நடுவுல வெளுப்பு, சுத்தி கருப்பு. உங்க படத்துல முழுசா அடைச்ச புள்ளி, கோடு போட்ட மாதிரி வரிசையா கூட வருது. மூணாவது படத்துல காதுக்குப் பின்பக்கம் கருப்பு, நடுவுல வெள்ளைப் பொட்டு லேசாத் தெரியுது பாருங்க, இது சிறுத்தைக்கும் உண்டு, ஆனா வீட்டுப் பூனை இல்லேன்னு சொல்லிரும். அப்புறம் வாலு, சிறுத்தைக்கு வாலு நீளம், நடக்கும்போது நுனி மேல வளைஞ்சு நிக்கும், இங்க வாலு ஒடம்புல பாதிதான் இருக்கும்னு நெனைக்கிறேன், அதுலயும் புள்ளி.

இன்னொண்ணு, குட்டின்னா தலை பெருசா, காலு தடியா, முடி மொசுமொசுன்னு இருக்கும், நடையே தள்ளாட்டம்தான். இந்த சைஸ்ல இருக்குற குட்டி ராத்திரி ரெண்டே முக்காலுக்கு தனியா ஓடைக்கரையில ரோந்து வராது, ஒன்றரை ரெண்டு வருசம் வரைக்கும் ஆத்தாவை விட்டுப் பிரியாது. உங்க ஆளு நடக்குறதைப் பாத்தா தெனம் போற வழி மாதிரி இருக்கு.

சைஸ் மட்டும் கணக்கா சொல்ல முடியல. படத்துல அளவு தெரிஞ்ச பொருள் ஏதாச்சும் இருக்கா? இல்லேன்னா பகல்ல போயி அது நின்ன எடத்துல ஒரு ஸ்கேல் குச்சியை நட்டு அதே கேமராவுல ஒரு படம் எடுங்க, கேமராவை ஆட்டிறாதீங்க.

கொடைக்கானல்_வாசி:
பெங்கால் கேட்டா இருக்கலாமே? மேல சில பேர் வளக்குறாங்க, காசு குடுத்து வாங்கிட்டு வந்து தப்ப விட்டுருப்பாங்க. இல்லேன்னா ஃபிஷிங் கேட், மீன்பிடிப் பூனை, ஓடைக்கரைன்னு வேற சொல்றாரு.

ராத்திரிக்கேமரா:
ஃபிஷிங் கேட் சதுப்பு நெலத்து ஆளுங்க, சுந்தரவனம், சிலிகா, ஆந்திராவுல கோரிங்கா அலையாத்திக் காடு இப்படித்தான் பேர் வாங்குனது, பழனி மலைக் காப்பித் தோட்டத்துல தேட வேண்டியதில்ல. ஆளும் சிறுத்தைப் பூனையை விட ரொம்பப் பெருசு, வாலு கட்டையா தடியா இருக்கும். ஓடைக்கரைங்கறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, சிறுத்தைப் பூனையும் நல்லா நீந்தும்.

பெங்கால் கேட்ங்கறது நியாயமான சந்தேகம், அந்த ஜாதியை உண்டாக்குனதே வீட்டுப் பூனையோட இந்த சிறுத்தைப் பூனையைச் சேத்துத்தான். ஆனா வளக்குற பூனை தப்பிச்சா சமையக்கட்டையும் கோழிக்கூண்டையும் சுத்தும், ஆளைப் பாத்தா கத்தும், சோலை ஓரத்துல தெனம் ராத்திரி தடம் புடிச்சுப் போகாது. அண்ணே, இதே பூனை திரும்ப வருதா?

காப்பிக்காட்டான்:
வருது தம்பி, பழைய கார்டைத் தட்டிப் பாத்தேன், ஏற்கெனவே வந்துருக்கு, நான்தான் பன்னி இல்லேன்னு தள்ளி விட்டுருக்கேன்.

அளவுக்கு நல்ல ஐடியா கெடச்சுது, குச்சியே தேவைப்படல. படத்துல கீழ கருப்பா ஒரு கோடு ஓடுதுல்ல அது நம்ம சொட்டுநீர் ட்யூப், 16 எம்எம், 60 சென்டிமீட்டருக்கு ஒரு ட்ரிப்பர், தண்ணி சொட்டுற வாய். அந்த ஜந்து ட்யூபை ஒட்டியேதான் நடக்குது. மூக்கு ஒரு ட்ரிப்பர்கிட்ட இருக்கும்போது நிறுத்திப் பாத்தேன், வாலு ஆரம்பிக்கிற எடம் அடுத்த ட்ரிப்பருக்கு நாலு விரல் முன்னாடியே முடிஞ்சுருது. வாலு அதுல பாதி, கூடக்கொறச்ச இருக்கலாம். மேஸ்திரிகிட்ட ட்யூபைக் காட்டி சொன்னேன், இம்புட்டுதானான்னு கேட்டாரு. ஆனா அப்ப மஞ்சளா நின்னது என்ன, மரத்துல ஏறுனது என்னன்னு திருப்பி என்னையே கேக்குறாரு.

ராத்திரிக்கேமரா:
பிரமாதம் அண்ணே. ஒடம்பு 50 சென்டிமீட்டருக்கு மேல கொஞ்சம், வாலு 25 பக்கம். சிறுத்தைப் பூனைக்கு ஒடம்பு 40ல இருந்து 65 வரைக்கும் இருக்கும், வாலு 17ல இருந்து 31, கச்சிதமா நடுவுல வந்து உக்காருது. துரும்பன் பூனையா இருக்குமோன்னு ஒரு ஓரத்துல இருந்துச்சு, அதுவும் போச்சு, அது ஒலகத்துலயே சின்னப் பூனை ஜாதியில ஒண்ணு, ஒன்றரை கிலோ வந்தாலே பெரிய ஆளு, வாலுல புள்ளியும் தெளிவா இருக்காது. அதுக்குப் புடிச்சது கீழ வறண்ட காடு, பாறைப் பக்கம். முதுமலையில கேமரா வச்சதுலயும் இப்படித்தான், மசினகுடிப் பக்க முள்ளுக்காட்டுல துரும்பனும் காட்டுப்பூனையும், ஈரமான காட்டுப் பக்கம் போகப் போக சிறுத்தைப் பூனை. நெழல் மரம் வச்ச காப்பித் தோட்டம், மேல சோலை, ஊடால ஓடைன்னா அது சிறுத்தைப் பூனைக்கு அளவெடுத்துத் தச்ச எடம்.

கோத்தகிரி_அக்கா:
மஞ்சள் பூனை பத்தி நான் சொல்றேனுங்க, எங்க பக்கம் டீத்தோட்டத்துல இந்தப் பஞ்சாயத்து அடிக்கடி நடக்கும். முதல்ல அந்த அக்காகிட்ட போட்டோ எதையும் காட்டாதீங்க. காட்டிட்டீங்கன்னா எதைக் காட்டுனீங்களோ அதையே பாத்தேன்னு சொல்வாங்க, பொய் சொல்றாங்கன்னு இல்லீங்க, மனசு அப்படி. வெறுங்கையோட போயி அந்த எடத்துலயே நிறுத்திக் கேளுங்க. எங்க நின்னுச்சு, அங்க இருக்குற செடிக்கு எந்த ஒசரம் வந்துச்சு, வாலு தரையைத் தொட்டுச்சா பாதியிலேயே நின்னுச்சா, காது எப்படி, எந்தப் பக்கம் போச்சு. கலரைக் கடைசியா கேளுங்க. சாயங்கால வெயில்ல எல்லாமே மஞ்சள்தான்.

வாலு குட்டை, நுனிப் பக்கம் ரெண்டு மூணு கருப்பு வளையம், காது கூரா நுனியில கொஞ்சம் முடி, காலு நெட்டைன்னு வந்துச்சுன்னா அது காட்டுப்பூனை, ஜங்கிள் கேட். பேருதான் காடு, அது அடர்ந்த காட்டை விட புல்லு, பொதரு, வயலோரம்னு சுத்துற ஆளு, பகல்லயே கண்ணுல படும். நாய் ஒசரம்னு சொன்னதுக்கும் காரணம் அந்த நெட்டைக் காலுதான், எல்லாரும் அதைக் கூட்டித்தான் சொல்வாங்க.

கருப்பு விசயத்துல நான் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பேசுவேன். நீலகிரியில கருஞ்சிறுத்தை நெசமாவே இருக்குதுங்க, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டு சிசிடிவியிலயே எத்தனையோ தடவை விழுந்துருக்கு, புள்ளிச் சிறுத்தையும் கருப்பும் ஜோடியா போறது கூட. அது தனி ஜாதி கெடையாது, நெறம் மட்டும்தான் கருப்பு, உள்ளுக்குள்ள புள்ளி இருக்கும், ஐஆர்ல எடுத்தா அந்தப் பூப்பூப் புள்ளி நல்லாவே எழும்பித் தெரியும். அதனால டிராக்டர் தம்பி சொல்றதை சிரிச்சுத் தள்ளிறாதீங்க. ஆனா பலா மரம்னு சொன்னதும் எனக்கு முதல்ல தோணுனது மரநாய்தான்.

வத்தலக்குண்டு_பஸ்:
எங்க பாட்டி சொல்லும், மலை மேல புல்வெளியில பொகை மாதிரி வந்து பொகை மாதிரி போற பூனை ஒண்ணு இருக்காம், பொகையன்னு பேராம். அதையும் லிஸ்ட்ல சேருங்கக்கா

கோத்தகிரி_அக்கா:
சேக்கலாம் சாமி, ஒரு நல்ல படம் கொண்டு வாங்க. மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிப் பக்கம் அந்தக் கதை ரொம்ப நாளா ஓடுது, சாம்பல் நெறத்துல பெரிய பூனைன்னு. ஐஆர் படத்துல எல்லாப் பூனையும் சாம்பல்தான், அதை வச்சு யாரும் பொகையனைப் புடிச்சேன்னு கெளம்பிறாதீங்க.

ராத்திரிக்கேமரா:
அக்கா சொன்ன மரநாய்க்கு ஒரு டெஸ்ட் இருக்கு, காப்பித் தோட்டத்துல ரொம்ப சுலபம். பாறை மேல, கல்லுக்கட்டு மேல, விழுந்து கெடக்குற மரத்து மேல முழுக் காப்பிக்கொட்டையா எச்சம் கெடந்தா அது மரநாய். பூனை எச்சத்துல எலி முடியும் சின்ன எலும்பும்தான் இருக்கும். நம்ம மலையில சாதா மரநாய் போக பழுப்பு மரநாய்னு ஒண்ணு இருக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வேற எங்கயும் கெடையாது. ஒடம்புல புள்ளி, கோடு எதுவும் இல்லாம ஒரே அடியா கரும்பழுப்பு, வாலு ஒடம்பு நீளத்துக்கு இருக்கும், சில ஆளுக்கு நுனி வெளுப்பு. டார்ச் வெளிச்சத்துல மரத்து மேல பாத்தா கருப்பாத்தான் தெரியும். பகல்ல பாத்துருந்தா மலை அணிலும் லிஸ்ட்ல உண்டு, தம்பி எந்நேரம் பாத்தான்னு கேளுங்க.

கேமரா செட்டிங் கொஞ்சம் மாத்துங்க அண்ணே. உங்க மொதப் படத்துல பூனை பக்கத்துல வந்ததும் விலா வெள்ளையடிச்ச மாதிரி ஆயிருச்சு, புள்ளியே காணோம். ஐஆர் லைட்டு ஜாஸ்தி, லைட்டு இருக்குற பகுதியில பாதிக்கு மெடிக்கல் ஷாப்ல விக்கிற வெள்ளை மைக்ரோபோர் டேப்பை ஒட்டி விடுங்க, லென்ஸையும் சென்சாரையும் மறைச்சிறாதீங்க. ஒசரத்தைக் குறைங்க, பன்னிக்குன்னு இடுப்பு ஒசரத்துல கட்டியிருக்கீங்க, பூனைக்கு முழங்காலுக்கும் கீழ, 30 - 40 சென்டிமீட்டர் போதும். தடத்துக்கு நேரா வைக்காம சாய்வா வச்சா வர்றது கூடுதல் நேரம் ஃப்ரேமுக்குள்ள நிக்கும். ராத்திரி வீடியோல ஓடுற பூனை கொழகொழன்னு தெரியும், படமா மூணு மூணு எடுக்குற மாதிரி வைங்க. முன்னாடி ஆடுற புல்லை வெட்டிருங்க, இல்லேன்னா காத்து படம்தான் கார்டு பூரா. முடிஞ்சா எதிர்ப் பக்கம் இன்னொரு கேமரா, ஏன்னா இடது விலாப் புள்ளியும் வலது விலாப் புள்ளியும் வேற வேற, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் ஒரே ஆளா ரெண்டு ஆளான்னு சொல்ல முடியும், புலி கணக்கெடுப்புல ஜோடியா கேமரா வைக்கிறதும் இதுக்குத்தான். ஆனா ஓடையைத் தாண்டி ரிசர்வ் காட்டுக்குள்ள கட்டிறாதீங்க, அனுமதி இல்லாம கட்டுனா கேஸ்.

கொடைக்கானல்_வாசி:
எல்லாம் சரி, கோழி கதை என்னாச்சு? அந்தக் கண்ணி வைக்கிற ஆளை யாராச்சும் நிறுத்துனீங்களா? 1972 வனவிலங்குச் சட்டத்துல சிறுத்தைப் பூனை முதல் அட்டவணை, புலி சிறுத்தையோட ஒரே வரிசை. அதுல மாட்டுனா கோழி விலையில முடியாது. அதோட கண்ணிக்கு என்ன தெரியும், இன்னிக்குப் பூனை, நாளைக்கு மான், நாளன்னிக்கு நெசமாவே சிறுத்தை வந்து இடுப்புல கம்பியோட நிக்கும், அப்ப அவரு தோட்டத்துக்குள்ள எவன் போவான்?

காப்பிக்காட்டான்:
கண்ணி சமாச்சாரம் முடிஞ்சுருச்சு, அவருகிட்ட நேர்லயே பேசிட்டேன். சட்டத்தைச் சொன்னப்ப அவ்வளவா அசையல, இந்தப் பூனை தின்னுறது முக்கால்வாசி எலிதான், நீங்க வாழைக்கும் ஏலக்காய்க்கும் எலியோட மல்லுக்கட்டுறீங்கல்லன்னு சொன்னப்பதான் யோசிச்சாரு. எலி மருந்து வைக்கிறதையும் கொஞ்சம் நிறுத்துங்க, மருந்து தின்ன எலியைத்தான் இது புடிக்கும்னும் சொல்லியிருக்கேன். கூண்டைப் போயி பாத்தா பழைய கோழி வலை, கீழ கையே போற சந்து. வெல்டு மெஷ் வாங்கி அடிச்சு, தரையில ஒரு சாண் பொதச்சு விடச் சொல்லிருக்கேன்.

டேப் ஒட்டுனதுக்கு அப்புறம் படம் எங்கயோ போயிருச்சு தம்பி, மீசை தெரியுது. ரெண்டு பக்க விலாவும் கெடச்சுருச்சு, பக்கத்து ஆளுகிட்ட ஒரு பழைய கேமரா இருந்துச்சு, அதை எதிர்ல கட்டுனேன். கோழிக்கூண்டுப் பக்கமும் ஒரு ராத்திரி வச்சுப் பாத்தேன், அங்க வந்தது இந்தப் பூனையே இல்ல. தாழ்வா, மூஞ்சி நீட்டமா, முதுகுல நெடுக கோடு, வாலுல வெள்ளையும் கருப்பும் வளையம் வளையமா. படம் போட்டுருக்கேன்.

மஞ்சள் பூனை பாத்த அக்காகிட்ட படம் காட்டாமத்தான் கேட்டேன். வாலு முழங்கால் வரைக்கும்தான் தொங்குச்சு, காது முயல் மாதிரி நிமிந்து இருந்துச்சுங்குறாங்க. டிராக்டர் தம்பி பாத்தது ராத்திரி எட்டு மணிக்கு, வண்டி லைட்டுல. பலா மரத்தடியில கல்லு மேல காப்பிக்கொட்டை எச்சம் குமிஞ்சு கெடக்கு. அவன்கிட்ட காட்டுனேன், ஒத்துக்கல, கரும்புலியும் காப்பி குடிக்கும்ங்குறான்.

ராத்திரிக்கேமரா:
கூண்டுப் பக்கம் வந்தது புனுகுப்பூனை அண்ணே, சின்னப் புனுகு. பேர்லதான் பூனை, பூனை ஜாதியே இல்ல. மூஞ்சியும் வால் வளையமும் பாத்தாலே போதும். அது கோழிக்குஞ்சை விடாது, மெஷ் அடிச்சா சரியாயிரும்.

மஞ்சள் பூனை பாத்த அக்கா சொன்ன வாலும் காதும் காட்டுப்பூனைக்கு ஒத்துப் போகுது, ஆனா படம் இல்லாம நான் "அனேகமா"ன்னுதான் எழுதுவேன். கீழ்க்காட்டுல புல்லு இருக்குற பக்கம் கேமராவை மாத்தி வச்சுப் பாருங்க. டிராக்டர் தம்பிக்கு கேள்விக்குறி போட்டு வைங்க, மரநாய் அந்த மரத்துக்கு வருதுன்னு மட்டும்தான் எச்சம் சொல்லுது, அன்னிக்கு அவன் பாத்தது அதுதான்னு சொல்லாது.

கோத்தகிரி_அக்கா:
ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சுங்க. இது சிறுத்தைப் பூனைன்னு ஆனதால தோட்டத்துல சிறுத்தையே வராதுன்னு ஆளுங்ககிட்ட சொல்லிறாதீங்க, கொடைக்கானல் சரணாலயம் பக்கத்துலயே இருக்கு, சிறுத்தை போகும் வரும். ஓடைக்கரை ஈர மண்ணைத் தெனம் காலையில ஒரு தடவை பாருங்க. நகம் பதியாம, விரலுக்குப் பின்னாடி இருக்குற பெரிய மெத்தையோட பின்ஓரம் மூணு பிரிவா, அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர்னு தடம் இருந்தா அது பெரிய ஆளு. மூணு நாலு சென்டிமீட்டர்னா உங்க பூனைதான். நகம் பதிஞ்சிருந்தா அனேகமா நாய். பெரிய தடம் பாத்தீங்கன்னா வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்கு சொல்லிட்டு, பழம் பறிக்கிறதை நல்லா விடிஞ்சதுக்கு அப்புறம் ஆரம்பிச்சு இருட்டுறதுக்குள்ள முடிச்சுக்கங்க, குனிஞ்சு வேலை செய்யிற ஆளுங்களைத் தனித்தனியா விடாதீங்க.

அப்புறம் படத்தை வாட்ஸாப்ல விட்டா எந்த ஓடை எந்தத் தோட்டம்னு போடாதீங்க. வேட்டைக்குன்னு அலையிற ஆளுங்களும் அதே குரூப்ல இருப்பாங்க.

காப்பிக்காட்டான்:
சரிங்கக்கா. லொக்கேசன் எடுத்துட்டேன், குரூப்ல போட்டதையும் அழிச்சாச்சு. தடம் பாக்குறதை மேஸ்திரிகிட்டயே ஒப்படைச்சுட்டேன், பழைய ஆறு இன்ச் ஸ்கேல் ஒண்ணு குடுத்துருக்கேன், இன்னிக்குக் காலையில நாய்த் தடத்தை அளந்துட்டு வந்து நகம் இருக்கு, நகம் இருக்குன்னு சொல்றாரு. ஆளுங்க நாளையில இருந்து எட்டு மணிக்கு மேல வர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க, அந்த அரை மணி நேரத்துக்கு கூலி புடிக்கக் கூடாதுன்னு கண்டிசன், சரின்னுட்டேன்.

வத்தலக்குண்டு_பஸ்:
கரும்புலிக்கு ஒரு டம்ளர் டிக்காஷன் எடுத்து வைங்கண்ணே